குளிர்மலை ஆர்க்கிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெலனாப்சிஸ் என்ற வீட்டு ஆர்க்கிட்டை ஜன்னலோரம் வைத்துப் பூக்க வைத்தவர்கள், ஒருநாள் மாஸ்டெவாலியா என்ற மலை ஆர்க்கிட்டின் படத்தைப் பார்த்துவிட்டு "இதையும் வளர்த்துப் பார்ப்போமே" என்று இறங்குவார்கள். மூன்று மாதத்தில் தொட்டி காலியாகிவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்போது எனக்கு இருந்த சந்தேகங்களும், பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் கீழே இருக்கின்றன. ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இரண்டாவதைப் படியுங்கள்.

குளிர்மலை ஆர்க்கிட் என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் செடிகளை இரவு வெப்பநிலையை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். இரவில் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாதவை வெப்ப வகை. 13 முதல் 18 வரை கேட்பவை இடைப்பட்ட வகை. இரவில் 10 முதல் 13 டிகிரி, பகலில் 18 முதல் 24 டிகிரி என்று கேட்பவைதான் குளிர் வகை. இந்தக் கோடுகள் கல்லில் வெட்டியவை அல்ல. ஒரே பேரினத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் செடிகள் உண்டு.

ஆண்டிஸ் மலையின் மேகக் காடுகளில் இருந்து மாஸ்டெவாலியா, டிராகுலா, ஓடோன்டோகுளாசம், மில்டோனியோப்சிஸ் வருகின்றன. இமயமலைச் சரிவுகளில் சீலோஜினி கிரிஸ்டாட்டாவும் சிம்பிடியத்தின் பல இனங்களும் இருக்கின்றன. நியூ கினியின் உயரமான பகுதிகளில் டென்ட்ரோபியம் குத்பெர்ட்சோனி, பிரேசிலின் கடலோர மலைகளில் செக்கச்செவேலென்று பூக்கும் கட்லேயா காக்சினியா.

இவற்றில் பல, பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே வளர்கின்றன என்பதைக் கவனியுங்கள். மலையில் ஏற ஏற, 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறையும். அடிவாரத்தில் 28 டிகிரி என்றால் 2500 மீட்டரில் 12 டிகிரிக்கு வந்துவிடும். அங்கே கோடையும் இல்லை, உறைபனிக் காலமும் இல்லை. வருடம் முழுக்க விடியற்காலைப் பனிமூட்டம்தான். அதனால் "குளிர் வகை" என்றதும் பனியில் போட்டாலும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உறைபனி விழுந்தால் இவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகும்.

பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் ஆபத்து என்கிறார்களே, அது ஏன்?

பகலில் இலை வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் தயாரிப்பு இல்லை, செலவு மட்டும்தான். செடி சுவாசிக்கும்போது அந்தச் சர்க்கரை எரிகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த எரிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். வெப்பக் காடுகளில் பிறந்த செடிக்கு இது பழக்கம். மலைச் செடிக்கு இல்லை. அது பகலில் மங்கலான வெளிச்சத்தில் கொஞ்சமாகச் சம்பாதித்து, இரவுக் குளிரில் கொஞ்சமாகச் செலவு செய்து பிழைப்பது. இரவு முழுக்க 22 டிகிரி நின்றால் வரவைவிடச் செலவு கூடிவிடும். புது இலை முந்தைய இலையைவிடச் சின்னதாக வரும், அதற்கடுத்தது இன்னும் சின்னதாக வரும்.

என் முதல் மாஸ்டெவாலியா போன கதை இது. மதியம் 29 டிகிரி வந்த நாட்களில் நான் பதறிப்போய் ஓயாமல் தண்ணீர் தெளித்தேன். செடி அசையவில்லை, நன்றாகத்தான் இருந்தது. பிறகு காற்றே இல்லாத புழுக்கமான வாரம் ஒன்று வந்தது. பகல் வெப்பம் குறைவுதான், ஆனால் இரவில் 23-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒருநாள் காலையில் தூசி துடைக்கலாம் என்று ஓர் இலையைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. வாடவில்லை, மஞ்சளாகவில்லை, பச்சையாகவே தண்டோடு சேரும் மூட்டில் கழன்றிருந்தது. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் வந்தது. பத்து நாளில் பதினொரு இலை.

அதனால் செடி வாங்கும் முன்னே அதிகபட்சம்-குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் ஒரு தெர்மாமீட்டரை வாங்குங்கள். செடி வைக்கப்போகும் அதே இடத்தில் இரண்டு வாரம் தொங்கவிட்டு, காலையில் இரவின் குறைந்தபட்சத்தை எழுதி வையுங்கள். பகலுக்கும் இரவுக்கும் இடையே 8 முதல் 10 டிகிரி இறக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த இறக்கம் இருந்தால், பகலில் எப்போதாவது 28 தொட்டாலும் பெரும்பாலான செடிகள் சமாளித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இரவு 20 டிகிரிக்குக் கீழே வருவதே இல்லை. ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

திறந்த இடத்தில் வைத்து வளர்ப்பதாக இருந்தால், ஆமாம், பெரும்பாலானவற்றை விட்டுவிட வேண்டியதுதான். "பழகிக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, செடியைத் தேர்ந்தெடுப்பது. மாஸ்டெவாலியாவிலேயே இன்ஃப்ராக்டா, ஃப்ளோரிபண்டா போன்றவை குறைந்த உயரத்திலும் வளர்பவை, கொஞ்சம் சூடு தாங்கும். ரெஸ்ட்ரீபியாவும் அப்படித்தான். இவற்றை இடைப்பட்ட வகை போல நடத்தலாம். கலப்பினம் வாங்கினால் அதன் பெற்றோர் எந்த உயரத்துச் செடிகள் என்று கேளுங்கள். ஒருபக்கமாவது தாழ்ந்த உயரத்துச் செடியாக இருந்தால் நல்லது.

இரண்டாவது, குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி. குளிர்சாதன அறையின் ஓரத்தில் வைத்த கண்ணாடித் தொட்டி, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ஃபிரிட்ஜ் என்று ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள். எதுவானாலும் உள்ளே எல்.இ.டி. விளக்கும், நாள் முழுக்கச் சுழலும் சிறு மின்விசிறியும் கட்டாயம் வேண்டும். எல்.இ.டி. என்றாலும் அதுவும் சூடு தரும். அதன் பின்பக்கம் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். இரவில் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலை உள்ளே வைப்பது சின்னப் பெட்டிக்கு உதவும். தினமும் மறக்காமல் மாற்றுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒரு மாதம்தான் ஓடியது.

தண்ணீர் தெளித்தோ ஈரத்திரை போட்டோ குளிர வைக்க முடியாதா?

காற்று காய்ந்திருந்தால் முடியும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்பதுதான் இதன் அடிப்படை. ஆவியாக இடம் இல்லாத காற்றில் இது நடக்காது. 35 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் இருக்கும் காற்றை ஈரத்திரை வழியாக இழுத்தால் சுமார் 22 டிகிரி வரைக்கும் இறக்க வழி உண்டு. அதுவே 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் என்றால் தலைகீழாக நின்றாலும் 28-க்குக் கீழே போகாது. முதல் நிலைமைதான் உங்களுடையது என்றால் ஈரத்திரையும் விசிறியும் வாங்குங்கள். இரண்டாவது என்றால் அந்தப் பணத்தைக் குளிர்சாதனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன உதவிகள் சில உண்டு. பளபளப்புப் பூச்சு இல்லாத சுட்ட மண் தொட்டி நல்லது. அதன் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் வேர்ப்பகுதி ஓரிரு டிகிரி குளிர்ந்தே இருக்கும். நிழல்வலையைக் கண்ணாடிக்கு உள்ளே கட்டாமல் வெளியே கட்டுங்கள். உள்ளே கட்டினால் வெயில் தடுக்கப்படும், ஆனால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருக்கும்.

முதன்முதலில் எதை வாங்கலாம்?

சீலோஜினி கிரிஸ்டாட்டா, டென்ட்ரோபியம் கிங்கியானம், சிம்பிடியம் மூன்றும் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கிழக்கு ஆஸ்திரேலியாவின் பாறைகளில் வளரும் கிங்கியானம் குளிரையும் வெயிலையும் ஒருசேரத் தாங்குவது. கொஞ்சம் மறந்துவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. இடம் சின்னது என்றால் ரெஸ்ட்ரீபியா. மாஸ்டெவாலியாதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் கலப்பினத்தில் ஆரம்பியுங்கள், அவை அசல் இனங்களைவிடத் திடமானவை.

டிராகுலாவும் டென்ட்ரோபியம் குத்பெர்ட்சோனியும் முதல் செடி அல்ல. குத்பெர்ட்சோனியின் ஒரு பூ மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும் என்பது உண்மைதான். அந்த ஆசையில்தான் எல்லோரும் விழுகிறார்கள். ஒரே ஒருமுறை வேர் நன்றாகக் காய்ந்தாலோ, ஒரு வாரம் சூடாக இருந்தாலோ அது போய்விடும்.

இவை மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்பவையா?

இல்லை. தொற்றுச்செடி வேறு, ஒட்டுண்ணி வேறு. ஆர்க்கிட்டுக்கு மரம் உட்கார இடம் மட்டும்தான். மழை, பனி, பட்டை இடுக்கில் சேரும் மக்கிய இலை, இவைதான் அதன் சாப்பாடு.

அதற்கென்றே இதன் வேருக்கு ஓர் அமைப்பு உண்டு. வேரைச் சுற்றி வேலமன் என்ற இறந்த செல்களின் அடுக்கு, பஞ்சு மாதிரி இருக்கும். காய்ந்த வேர் வெள்ளிக் கம்பி போல் சாம்பல் வெண்மையாகத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். விழுந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் பச்சை பரவும். பஞ்சுக்குள் தண்ணீர் நிரம்பியதும் அது கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் பச்சை தெரிவதுதான் காரணம். எந்த மீட்டரும் இல்லாமல் தண்ணீர்த் தேவையைக் காட்டும் அடையாளம் இதுதான். வேர் பச்சையாக இருந்தால் குவளையைக் கீழே வையுங்கள்.

எந்தக் கலவையில் நடுவது?

மண் கூடவே கூடாது. வேருக்கு ஈரமும் காற்றும் ஒரே நேரத்தில் வேண்டும், மண் இரண்டாவதைத் தராது.

மாஸ்டெவாலியா போன்ற மெல்லிய வேர்ச் செடிகளுக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள மரப்பட்டைத் துண்டும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளும் கலந்து, கொஞ்சம் கரித்துண்டு சேர்த்தால் போதும். அல்லது வெறும் ஸ்பாக்னம் பாசி. சிம்பிடியத்துக்குப் பெரிய பட்டைத் துண்டுகள். பாசியில் நடுபவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான், அமுக்கி அமுக்கித் திணிப்பது. விரலை விட்டால் எளிதாக உள்ளே போகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். திணித்த பாசியின் நடுப்பகுதி வாரக்கணக்கில் காயாது, குளிரில் அழுகிப்போகும்.

தேங்காய் மட்டைத் துண்டு போடலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். போடலாம், ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி கழுவிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். உப்பு பொறுக்காத மாஸ்டெவாலியாவுக்கு நான் அதைப் போடுவதில்லை.

பாசியை வருடத்துக்கு ஒருமுறையும், பட்டையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். பட்டையை விரலால் நசுக்கினால் மாவாகிறது என்றால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது என்றால், புது வேர் முளைக்க ஆரம்பிக்கும்போது. பெரும்பாலும் அது குளிர் குறைந்து வெயில் தலைகாட்டும் நேரம். நடுக்கோடையில் மட்டும் கை வைக்காதீர்கள். வேரையும் கலைத்து, சூட்டையும் கொடுத்தால் செடிக்குத் தப்பிக்க வழியில்லை.

மரத்துண்டில் கட்டித் தொங்கவிடலாமா?

அழகாக இருக்கும், காட்டில் வளர்வதும் அப்படித்தான். கார்க் பட்டை நல்லது, மக்காது. வேருக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய பாசி வைத்து, தூண்டில் நரம்பால் கட்டுங்கள். வேர் ஒட்டிக்கொண்ட பிறகு நரம்பை அறுத்துவிடலாம். காற்றில் ஈரம் குறைவு என்றால் தினமும், சில நாட்கள் இரண்டு முறையும், நனைக்க வேண்டிவரும். இரண்டு நாள் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடவேண்டும்?

நாள் கணக்கு சொல்ல முடியாது. தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைத்த உடனே என்ன கனம், மறுநாள் என்ன கனம் என்று ஒரு வாரம் தூக்கிப் பழகினால் கை சொல்லிவிடும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வையுங்கள். சீலோஜினி, ஓடோன்டோகுளாசம் போன்றவற்றுக்கு அடியில் போலிக்குமிழ் என்ற பருத்த தண்டு உண்டு, அது அவற்றின் தண்ணீர்த் தொட்டி. மாஸ்டெவாலியா, டிராகுலா, ரெஸ்ட்ரீபியாவுக்கு அது கிடையாது. சேமிப்பு முழுக்க இலையில்தான், அதுவும் கொஞ்சம். அதனால் குமிழ் இல்லாதவை எப்போதும் லேசான ஈரத்தில் இருக்கவேண்டும், சொதசொதவென்று அல்ல, பிழிந்த துணி போல. காலையில் விடுங்கள். இரவு வருவதற்குள் இலையின் மேலும் அடியிலும் தேங்கிய தண்ணீர் காய்ந்துவிட வேண்டும்.

குழாய்த் தண்ணீர் விடலாமா?

அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. மாஸ்டெவாலியா, டிராகுலா வகைக்கு 100 பி.பி.எம்-க்குக் கீழே வேண்டும். சிம்பிடியம் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். இலை நுனி கருகி, அந்தக் கருப்பு மெதுவாகக் கீழே இறங்குகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீரில்தான் கோளாறு.

மழைத்தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர். அதில் கால்சியம், மக்னீசியம் இரண்டும் போய்விட்டிருக்கும், ஆகவே இவை சேர்ந்த உரமாகப் பார்த்து வாங்குங்கள். உப்பை எடுப்பதற்குச் சோடியத்தைச் சேர்க்கும் வகைச் சாதனத்தில் இருந்து வரும் மென்னீர் மட்டும் வேண்டாம், அது கடின நீரைவிட மோசம்.

ஈரப்பதம் எவ்வளவு? விசிறி எதற்கு?

பொதுவாக 60 முதல் 80 சதவீதம், டிராகுலாவுக்கு 80-க்கும் மேல். ஈரத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேகக் காட்டில் ஈரம் நின்றுகொண்டிருப்பதில்லை, காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. காற்று நின்ற ஈரம் அழுகலுக்கு அழைப்பு. விசிறியைச் செடியின் முகத்தில் அடிக்காமல் சுவரைப் பார்த்து வையுங்கள். மெல்லிய இலைகள் லேசாக ஆடினால் அதுவே சரியான வேகம். இரவிலும் ஓடட்டும்.

வெளிச்சம்?

மாஸ்டெவாலியாவுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ், ஓடோன்டோகுளாசத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல், சிம்பிடியத்துக்கு 30,000-க்கும் மேல். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இலை கரும்பச்சையாக நீண்டு தொய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. சிவந்தோ மஞ்சள் பூத்தோ இருந்தால் அதிகம். தொட்டால் இலை சுடுகிறது என்றால் யோசிக்காமல் உடனே நகர்த்துங்கள்.

உரம்?

புட்டியில் எழுதியிருப்பதில் கால் பங்கு. வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை போடுங்கள். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். யூரியா அடிப்படையிலான உரத்தைவிட நைட்ரேட் வடிவில் நைட்ரஜன் உள்ளது நல்லது. சூடான வாரத்தில் உரம் வேண்டாம். அவ்வளவுதான். உரம் போடாமல் செத்த ஆர்க்கிட்டை நான் பார்த்ததில்லை, போட்டுச் செத்தவை நிறைய.

குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றுக்குமா?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காட்டில் குளிர்காலம் வறண்டும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆண்டிஸ் மேகக் காட்டில் வறட்சி இல்லை, ஆகவே மாஸ்டெவாலியாவுக்கும் டிராகுலாவுக்கும் ஓய்வு கிடையாது. வருடம் முழுக்க ஈரம்தான். இமயமலையில் மழைக்காலம் முடிந்ததும் குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும். அங்கிருந்து வந்த டென்ட்ரோபியம் நோபிலியும் சீலோஜினி கிரிஸ்டாட்டாவும் அந்த வறட்சியை எதிர்பார்க்கின்றன.

நோபிலியின் தண்டு முழு வளர்ச்சி அடைந்து, உச்சியில் கடைசி இலை விரிந்ததும் உரத்தை நிறுத்துங்கள். தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, தண்டு சுருங்கிப் போகாத அளவுக்கு மட்டும் கொடுங்கள். இரவு 10 முதல் 13 டிகிரியில், நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். கணுக்களில் மொட்டு என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகுதான் பழையபடி தண்ணீர். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் மொட்டாக வேண்டியது குட்டிச்செடியாகிவிடும். அதைத்தான் வளர்ப்பவர்கள் கீக்கி என்கிறார்கள்.

கிரிஸ்டாட்டாவின் குமிழ்கள் குளிர்காலத்தில் சுருங்கிப் பாட்டி கன்னம் போல ஆகும். பார்க்கப் பாவமாக இருக்கும். பொறுங்கள். குளிர் முடியும் நேரத்தில் நடுவே மஞ்சள் தீற்றிய வெள்ளைப் பூக்கள் சரமாகத் தொங்கும். பிறகு தண்ணீர் கொடுத்தால் குமிழ்கள் மறுபடி உருண்டுவிடும்.

செடி கொழுகொழுவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை.

சிம்பிடியம் என்றால் கோடை முடியும் நேரத்தில் இரவுக் குளிர் கிடைத்ததா என்று பாருங்கள். 10 முதல் 14 டிகிரி இரவுகள் சில வாரம் வேண்டும். அப்புறம் வெளிச்சம். அதற்குப் பிறகுதான் மற்றவை.

மாஸ்டெவாலியா என்றால் பழைய பூந்தண்டை வெட்டிவிட்டீர்களா? தோவாரென்சிஸ், இன்ஃப்ராக்டா போன்ற சில இனங்கள் அதே தண்டில் மறுபடியும் பூக்கும். தண்டு பச்சையாக இருக்கும்வரை கத்தரியை எடுக்காதீர்கள். அடிக்கடி பிரித்து நடுவதும் பூவைத் தள்ளிப்போடும். கிரிஸ்டாட்டாவைக் கலைத்தால் ஒரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

டிராகுலாவில் மொட்டு வந்தது, பிறகு காணவில்லை. எங்கே போயிருக்கும்?

தொட்டியின் அடியைப் பாருங்கள். பல டிராகுலாக்களின் பூந்தண்டு கீழ்நோக்கிக் கலவைக்குள் இறங்கும். தொட்டியில் வைத்தால் உள்ளேயே முட்டி அழுகிவிடும். அதனால்தான் இவற்றைக் கம்பி அல்லது மரச்சட்டக் கூடையில் பாசி வைத்துத் தொங்கவிடுகிறார்கள். ஒருநாள் காலையில் கூடையின் அடி இடுக்கில் மயிரடர்ந்த ஒரு முக்கோணம் எட்டிப் பார்க்கும். மறுநாள் மூன்று நீண்ட வால்களோடு விரிந்து, நடுவில் குரங்கு முகம் மாதிரி ஒன்று உங்களையே முறைக்கும். டிராகுலா சிமியா என்ற இனத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். நம் கண்ணுக்குக் குரங்கு, காளானைத் தேடி வரும் சின்னஞ்சிறு ஈக்களுக்கு அது காளான். பூவின் உதடு என்ற நடு இதழ் தோற்றத்திலும் வாசனையிலும் காளானைப் போலவே இருந்து அவற்றை மகரந்தச் சேர்க்கைக்கு இழுக்கிறது.

புது இலை விசிறி மடிப்பு மாதிரி சுருண்டு வருகிறதே?

மில்டோனியோப்சிஸிலும் ஓடோன்டோகுளாசத்திலும் இது சகஜம். இலை வளரும் நாட்களில் அதற்குத் தேவையான தண்ணீர் கிடைக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் குறைவாக விட்டிருக்கலாம், காற்று காய்ந்திருக்கலாம். அதிகமாக விட்டு வேர் அழுகிப்போய், ஈரத்தில் உட்கார்ந்துகொண்டே தாகத்தில் தவித்திருக்கவும் கூடும். தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஒருமுறை விழுந்த மடிப்பு நிமிராது, அடுத்த இலை நேராக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கரும்புள்ளி, அழுகல், பூச்சி?

நீர் கோத்த மாதிரி புள்ளி தோன்றி, ஒரே நாளில் பரவி, நாற்றமும் அடித்தால் பாக்டீரியா அழுகல். ஆரோக்கியமான பகுதியையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எறியுங்கள், செடியை உலர்வாக வைத்துக் காற்றைக் கூட்டுங்கள். வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைப் பொடி தூவுவது பரவலான வழக்கம். இலையில் சரி, வேரில் படவிடாதீர்கள், அது வேரைக் காயவைத்துவிடும். பூவிதழில் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு விழுந்தால், குளிர்ந்த ஈரத்தில் காற்று நின்றுபோயிருக்கிறது.

நத்தைதான் இந்தச் செடிகளின் பெரிய எதிரி. பகலில் ஒளிந்து, இரவில் வந்து வேர் நுனியையும் மொட்டையும் கடித்துவிட்டுப் போகும். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டை வைத்தால் அதன் அடியில் சேரும். காற்று காய்ந்தால் சிலந்திப்பேன் வரும், மொட்டில் அசுவினி வரும். ஆரம்பத்தில் தண்ணீரால் கழுவியே விரட்டலாம்.

வைரஸ் மட்டும் வேறு விஷயம். சிம்பிடியம் மொசைக், ஓடோன்டோகுளாசம் வளையப்புள்ளி இரண்டும் பரவலானவை, மருந்தே கிடையாது. பெரும்பாலும் நம் கத்தரி வழியாகத்தான் பரவும். ஒவ்வொரு செடிக்கும் புது பிளேடு, அல்லது நெருப்பில் காட்டிய கத்தரி.

ஒரு செடியை இரண்டாக்குவது எப்படி?

குமிழுள்ள செடி என்றால் ஒரு துண்டுக்கு மூன்று நான்கு குமிழாவது இருக்கட்டும். மாஸ்டெவாலியாவைக் கையால் மெதுவாகப் பிரித்தால் தானே பிரியும் இடத்தில் பிரியும், வலிந்து கிழிக்காதீர்கள். ரெஸ்ட்ரீபியா ஒரு வேடிக்கை. இலையைத் தண்டோடு வெட்டி, இலையின் அடிப்பகுதி ஈரப்பாசியில் படும்படி செருகி மூடிய டப்பாவில் வைத்தால், சில மாதத்தில் அந்த இடத்திலிருந்து குட்டி முளைக்கும். ஆர்க்கிட்டில் இப்படி இலையிலிருந்து வளர்ப்பது மிக அபூர்வம்.

விதையிலிருந்து வளர்ப்பது வீட்டு வேலை அல்ல. தூசி போன்ற விதையில் சேமிப்பு உணவே இல்லை, காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற தாவரவியலாளர், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையே இல்லாமல் முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்று கண்ணாடிக் குடுவையில் விற்கப்படும் கன்றுகளில் பல அந்த வழியில் வந்தவை.

காட்டிலிருந்து எடுத்த செடி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைக்காகக் கொலம்பியாவில் ஓடோன்டோகுளாசம் கிறிஸ்பத்தை எடுக்க மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். அப்படிக் கப்பலேறிய மலைச் செடிகளில் எத்தனையோ, ஆர்க்கிட் என்றாலே சூடு வேண்டும் என்று நம்பி ஆவி பறக்கச் சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் வைக்கப்பட்டுச் செத்தன. சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலும் நட்டம்தான். காட்டுச் செடி பாதி வேரை இழந்து, பூச்சியோடு வரும். குடுவையில் பிறந்த செடி தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது.

பெயர் மாறிக்கொண்டே இருக்கிறதே, எதை நம்புவது?

மரபணு ஆய்வுகள் வந்த பிறகு நிறைய மாறிவிட்டது. ஓடோன்டோகுளாசத்தை ஆன்சிடியத்தில் சேர்த்துவிட்டார்கள், சோஃப்ரோனைட்டிஸ் கட்லேயாவுக்குள் போய்விட்டது. 1978-இல் தாவரவியலாளர் கார்லைல் லூயர் பிரித்த டிராகுலா, அதற்கு முன் மாஸ்டெவாலியாவாக இருந்தது. வளர்ப்பவர்கள் பழைய பெயரைத்தான் இன்னும் சொல்கிறார்கள், நானும் இங்கே ஓடோன்டோகுளாசம் என்றே எழுதியிருக்கிறேன். பெயர்ச்சீட்டில் இரண்டையும் எழுதிவிடுங்கள், செடி வந்த தேதியையும் சேர்த்து. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும், அப்புறம் அது வெறும் பச்சைச் செடி.